அநாதை இல்லத்தின் சரித்திரத்தை யார் எழுதுவது?

பூம்ப்ளிஸில் குடியிருக்கும் தமிழர்களில் லோஸ்லி என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். கார்ல் அல்பேர்ட் லோஸ்லி 1904ம் ஆண்டில் இங்கு வந்து குடியேறி, 1959ல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்த எழுத்தாளர். பேர்ண் மாநிலத்துப் பேச்சுமொழியிற் கவிதையும் கதையும் எழுதியவர். ஓவியர் ஹோட்லரின் வாழ்க்கையை நான்கு பாகங்களில் எழுதியவர். பத்திரிகைகளிற் சண்டை பிடித்தவர். அக்காலத்திற் பூம்ப்ளிஸ் ஒரு தனிக் கிராமம். 1919 ஜனவரியிலேதான் அது பேர்ண் நகரோடு இணைக்கப்பட்டது. 1906ல் 'பூம்ப்ளிஸும் உலகமும்' என்று தன் நூலொன்றுக்கு அவர் பெயரிட்டார். 'பூம்ப்ளிஸின் தத்துவஞானி' என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டத்தில் மரியாதை பாதி, கேலி பாதி.

இன்றைய பூம்ப்ளிஸ் எமக்குத் தெரிந்த பூம்ப்ளிஸ். 1950களின் இறுதியிலிருந்து எழுந்த மாடிக் குடியிருப்புகள், 2010லிருந்து ஓடும் ட்ராம், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கும் கடைகள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், கொஞ்சத் தூரத்தில் 2014 முடிவிலே திறக்கப்பட்ட சமயங்களின் இல்லமும் அதற்குள் எம்மவரின் கோயிலும். இந்தத் தெருக்களில் முன்பு நடந்து திரிந்த ஒரு மனிதரைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? லோஸ்லி அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். வளர்ந்த பிறகு அதைப் பற்றி வாய்மூடி இருக்க மறுத்தவர். இந்நாட்டில் இன்று ஒரு பழைய பிள்ளைகள் இல்லம் அருங்காட்சியகமாக நிற்கிறதென்றால், அதற்கான அத்திவாரக் கற்களில் ஒன்றை வைத்தவர் எமது அயலவரான இவர்.

லோஸ்லி 1877ல் ஷூப்ஃபன் என்ற ஊரில், திருமணமாகாத தாய்க்குப் பிறந்தார். அவரை வளர்த்த செவிலித்தாய், அவருக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு வயதானபோது இறந்துபோனார். அதன்பின் நொயன்பேர்க் பக்கத்திலுள்ள கிராண்ட்ஷோம் அநாதை இல்லம். பிறகு வேறு விடுதிகள். ஈற்றில் எம்மன்டால் பிரதேசத்துத் திராக்செல்வால்ட் கோட்டை. அது இளைஞர்களைத் 'திருத்துவதற்கான' கட்டாயச் சீர்திருத்த விடுதியாக இருந்தது. 1653ல் விவசாயிகள் கிளர்ச்சியின் தலைவன் நிக்லவுஸ் லொயன்பேர்கரை அடைத்து வைத்திருந்ததும் அதே கோட்டைதான்.

1924ல் லோஸ்லி 'விடுதி வாழ்க்கை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். தான் ஒரு முன்னாள் விடுதிப் பிள்ளை என்பதை அதன் அட்டையிலேயே போட்டுக்கொண்டார். இது சிறிய விடயமல்ல. இல்லத்தில் வளர்ந்தவர்கள் அதை மனைவியிடமும் பிள்ளைகளிடமும்கூட மறைத்து வாழ்ந்த காலம் அது. புத்தகம் எதிர்ப்பைக் கிளப்பியது. மறுவருடமே 'நான் மௌனமாயிருக்கமாட்டேன்' என்ற பெயரில் அடுத்த நூல் வந்தது. 1928ல் பிள்ளைகளின் கழுத்தை நெரிக்காமல் வளர்க்கும்படி தலைப்பிலேயே கேட்கும் நூலொன்று வந்தது. 1939ல் வந்த நூலுக்கு அவர் வைத்த தலைப்பு இன்னும் கடுமையானது: நீதிமன்றமில்லாமல் ஆட்களைச் சிறைவைக்கும் சுவிஸ் நிர்வாக முறையையும், அந்த விடுதிகளையும், வதைமுகாம் என்ற சொல்லாலேயே அழைத்தார்.

அதற்கு முன்னர் 1913ல், மாபெரும் எழுத்தாளர் கொத்ஹெல்ஃபின் நூல்களை உண்மையில் எழுதியவர் ஒரு விவசாயி என்று கேலிக்காக ஒரு கதையைக் கட்டி, இலக்கியப் பேராசிரியர்களைச் சீண்டிப் பெருஞ்சிக்கலில் மாட்டிக்கொண்டவரும் இவரே. 1930களில் யூதர்களுக்கெதிரான போலி ஆவணம் பற்றிய பேர்ண் வழக்கில், நீதிமன்றம் நியமித்த நிபுணராக நின்று அது போலி என்று சாட்சி சொன்னவரும் இவரே. இப்படியான மனிதருக்கு வாழும்போது என்ன கிடைக்குமோ அதுவே அவருக்கும் கிடைத்தது: கடனும் தனிமையும். அவரது தெரிந்தெடுத்த எழுத்துகள் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது 2006க்கும் 2009க்கும் இடையில், அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்.

*

அவர் எதற்கெதிராக எழுதினார் என்பதை விளங்கிக்கொள்ள இந்நாட்டின் ஏழைகளின் சரித்திரத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும்.

பேர்ண் நகர மத்தியில், எம்மவர் அன்றாடம் கடந்துபோகும் இடமொன்று 'வைசன்ஹவுஸ்பிளாட்ஸ்'. தமிழிற் சொன்னால் அநாதை இல்லச் சதுக்கம். மெரெட் ஒப்பன்ஹைமின் பாசி படர்ந்த நீரூற்று நிற்கும் அந்தச் சதுக்கத்தின் முகப்பில் ஒரு மாளிகை இருக்கிறது. 1780களில் ஆண்பிள்ளை அநாதைகளுக்காகக் கட்டப்பட்டது. பின்னாளில் பொலிசாரின் கட்டடமாயிற்று. இவ்வளவு அழகான அநாதை இல்லம் எல்லா அநாதைகளுக்குமானதல்ல. நகரத்துப் பூர்வீகக் குடியுரிமை பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கே அங்கு இடம். மற்ற ஏழைகளின் பிள்ளைகள் பண்ணைகளுக்குப் போனார்கள்.

அப்படிப் போனவர்களை 'ஃபெர்டிங் கிண்டர்' என்பார்கள். ஒப்பந்தத்தில் விடப்பட்ட பிள்ளைகள் என்று சொல்லலாம். சுவிஸ் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அதில் பிறந்த ஊர் இராது, பூர்வீக ஊர்தான் இருக்கும். அந்தப் பூர்வீக ஊர்ச்சபையின் தலையிலேயே ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு நெடுங்காலம் இருந்தது. செலவைக் குறைக்க ஊர்ச்சபைகள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று ஏலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது வெளிப்படையாகவே நடந்தது. எமது ஊர்க் கோயில்களில் மாம்பழத்தை ஏலம் விட்டால் கூடக் கேட்பவருக்குக் கொடுப்பார்கள். இங்கே குறையக் கேட்பவருக்குப் பிள்ளையைக் கொடுத்தார்கள். அதாவது, இந்தப் பிள்ளையை வைத்திருக்க ஊர்ச்சபை எனக்கு வருடம் இவ்வளவு தந்தாற் போதும் என்று ஆகக் குறைந்த தொகையைச் சொன்ன விவசாயி பிள்ளையைக் கூட்டிப்போகலாம். பெற்றுக்கொண்ட பணத்தைவிடக் குறைவாகச் சாப்பாடு போட்டு, கூடுதலாக வேலை வாங்கினால் அவருக்கு இலாபம். இதைக் கதையாக முதலில் எழுதியவர் மேலே சொன்ன கொத்ஹெல்ஃப் என்ற போதகர். அவரது முதல் நாவல் 1830களில் வந்தது.

ஏலம் ஒழிந்தது, ஆனால் முறை ஒழியவில்லை. 1912ல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டம், பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அதிகாரத்தை உத்தியோகத்தர்களின் கையிற் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் அறுபதுகள் வரையிலும், அதற்குப் பின்னும்கூட, பிள்ளைகள் இப்படி அனுப்பப்பட்டார்கள். மொத்தம் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கில்லை, இலட்சக்கணக்கிலே மதிப்பிடுகிறார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் அநாதைகளல்லர். தாய் திருமணமாகாதவள், அல்லது விவாகரத்தானவள், அல்லது தகப்பன் குடிகாரன், அல்லது வீட்டில் வறுமை. ஜெனிஷ் என்ற நாடோடி மக்களின் பிள்ளைகள் ஏறத்தாழ அறுநூறு பேரை 1926 முதல் 1973 வரை 'வீதியின் பிள்ளைகள்' என்ற திட்டத்தின் கீழ் புரோ யுவெண்டூட்டே நிறுவனம் பிரித்தெடுத்தது. அவர்களது குற்றம் அவர்களது இனம்.

பிழைத்து வந்தவர்கள் சொன்ன கதைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. விடிய நாலரைக்கு மாட்டுக்கொட்டிலில் வேலை. பள்ளிக்கூடத்திற் கடைசி வாங்கு. குடும்பத்தோடு மேசையிற் சேராமல் ஒரு மூலையிற் சாப்பாடு. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'டேய் பெடியா' என்று கூப்பிடல். சிறுநீர் நனைந்த பாயை ஊர்பார்க்க வெளியிற் போடுதல். அடி. அடிக்கு மேலானவையும். மேற்பார்க்க வரும் அதிகாரி வீட்டுக்காரரோடு கோப்பி குடித்துவிட்டு, பிள்ளையோடு பேசாமலே நல்ல அறிக்கை எழுதிவிட்டுப் போவார்.

கடைசி வசனத்தில்தான் எமது தலைப்புக்கான காரணம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதப்படவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஏராளமாக எழுதப்பட்டது. எழுதியவர் அதிகாரி, போதகர், இல்லத்து நிர்வாகி, நன்கொடையாளர். பெஸ்தலோத்சியின் புகழ்பெற்ற ஸ்டான்ஸ் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். 1798 செப்டெம்பரில் பிரெஞ்சுப் படை நிட்வால்டனில் ஊர்களை எரித்து மக்களைக் கொன்ற பின், தாய்தகப்பனை இழந்த ஏறத்தாழ எண்பது பிள்ளைகளை ஒரு கன்னியர் மடத்தில் வைத்து அவர் பராமரித்தார். 1799 யூனில் படையினருக்கு ஆஸ்பத்திரி தேவைப்பட்டதும் இல்லம் மூடப்பட்டது. போர் பார்த்த எமக்கு அந்தக் கதையின் ஒவ்வொரு வரியும் புரியும். பெஸ்தலோத்சி அதைப் பற்றி எழுதிய கடிதம் உலகமெங்கும் ஆசிரிய கலாசாலைகளிற் படிக்கப்படுகிறது. பிள்ளைகளில் ஒருவர் சொன்னதாக ஒரு கடிதமும் அப்படிப் படிக்கப்படுவதில்லை. பெஸ்தலோத்சி நல்லவர். நல்லவர் எழுதினாலும் அது பராமரித்தவரின் சரித்திரம்தான்.

*

இனி அந்தக் கட்டடத்துக்கு வருவோம்.

சொலத்தூர்ன் மாநிலத்தில், யூரா மலைகளுக்கிடையே மூம்லிஸ்வில் என்ற ஊர் இருக்கிறது. ஒருகாலத்தில் சீப்புத் தொழிற்சாலைக்குப் பெயர்போன ஊர். 1915 செப்டெம்பரில் அந்தத் தொழிற்சாலை வெடித்து 32 பேர் இறந்தார்கள். இந்த ஊரிற் பிறந்த பேர்ண்ஹார்ட் யெக்கி கூட்டுறவு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். இன்று நாம் சாமான் வாங்கும் 'கோப்' கடைகளின் மூதாதையான நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் ஒன்றியத்தை வளர்த்தெடுத்தவர் அவர். 1930களின் பிற்பகுதியிற் தன் சொந்த ஊரிலே பிள்ளைகளுக்கான இல்லமொன்றை அமைக்க முனைந்தபோது, அதை வரையும்படி அவர் கேட்டது ஹன்னஸ் மேயரை.

ஹன்னஸ் மேயர் 1928 முதல் 1930 வரை ஜேர்மனியின் பவ்ஹவுஸ் கலைக்கல்லூரிக்குப் பணிப்பாளராக இருந்து, அரசியற் காரணங்களால் வெளியேற்றப்பட்ட இடதுசாரிக் கட்டடக்கலைஞர். பிறகு சோவியத் யூனியன் போனார். 1936ல் சுவிஸ் திரும்பினார். 1939ல் மெக்சிக்கோ போய்விட்டார். அலைந்து திரிந்த இந்த மனிதர் பாசலிற் பிறந்தவர். தகப்பன் இறந்தபின் பாசல் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். ஆகவே மூம்லிஸ்வில் இல்லத்தை வரைந்தது, இல்லம் என்றால் என்னவென்று உள்ளேயிருந்து தெரிந்த ஒரு கை. 1939ல் அது கட்டி முடிந்தது. மலைச்சரிவில் அடக்கமாகப் படுத்திருக்கும் கட்டடம். முகப்பில் மாளிகைத் தோரணை எதுவுமில்லை. அதன் முக்கிய பகுதி வட்டவடிவான ஒரு பொதுக்கூடம். வட்டத்தில் இருந்தால் கடைசி வாங்கு என்று ஒன்று இல்லை. மேசையின் தலைமாடு என்று ஒன்றும் இல்லை. வைசன்ஹவுஸ்பிளாட்ஸ் மாளிகையின் முகப்பையும் இந்த வட்டத்தையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தால், கட்டியவர்கள் எதை நினைத்துக் கட்டினார்கள் என்பது தெரியும்.

பல பத்தாண்டுகள் அங்கு பிள்ளைகள் வந்து போனார்கள். அப்படிக் கொஞ்சக்காலம் அங்கு இருந்த சிறுவர்களில் ஒருவர் குயிடோ ஃபுளூரி, 1966ல் ஓல்ட்டனிற் பிறந்தவர். தாய் மனநோயாளியானதால் பல இடங்களில் வளர்ந்தவர். பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்து, பின்னர் காணி, வீடு வாங்கி விற்கும் தொழிலிற் பெரும் பணக்காரரானார். 2011ல் அவர் இந்தக் கட்டடத்தையே விலைக்கு வாங்கினார். 2013ல் இது இல்லங்களிலும் பண்ணைகளிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கான தேசிய நினைவிடமாகத் திறக்கப்பட்டது. ஒரு சிறிய அருங்காட்சியகம். கூடிப் பேசும் இடம். பெரிய நகரத்து நூதனசாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றுமேயில்லை என்று தோன்றலாம். ஆனால் இங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது வளர்ந்தவர்களின் பக்கக் கதை. கட்டடத்தை வரைந்தவரும் இல்லத்துப் பிள்ளை, அதைக் காப்பாற்றியவரும் இல்லத்துப் பிள்ளை. இப்படி அமைந்த நினைவிடம் உலகில் வேறெங்கும் இருக்கிறதா என்று எமக்குச் சந்தேகமே.

அது தனியே நின்ற முயற்சியல்ல. 1944ல் லுட்சேர்ன் பக்கத்து சொன்னன்பேர்க் இல்லத்தின் கொடுமைகளை 'டி நற்சியோன்' பத்திரிகையில் பீட்டர் சுராவா எழுத, பவுல் சென் படம் பிடித்தார். நாடு அதிர்ந்து, பிறகு மறந்தது. 1972ல் 'பெயோபாக்டர்' சஞ்சிகை ஜெனிஷ் பிள்ளைகளின் விடயத்தை வெளிக்கொணர்ந்தது. 1981ல் நீதிமன்றமின்றி ஆட்களை விடுதிகளில் அடைக்கும் முறை முடிவுக்கு வந்தது. 2009ல் முன்னாள் ஒப்பந்தப் பிள்ளைகளின் குரல்களைக் கொண்ட கண்காட்சி நாடு சுற்றப் புறப்பட்டது. 2013 ஏப்ரலில் பேர்ண் நகரில், நீதி அமைச்சர் சிமொனெற்றா சொம்மறுகா அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். ஃபுளூரி தொடக்கிய மக்கள் முனைவுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. 2016ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங். முதற் தவணைக்குள், 2018 மார்ச் வரை, ஏறக்குறைய 9,000 பேர் விண்ணப்பித்தார்கள். இலட்சக்கணக்கில் ஒன்பதாயிரம். மற்றவர்கள் இறந்துவிட்டார்கள், அல்லது அந்தக் கதவைத் திரும்பத் தட்ட மனமில்லை. 2019ல் அரச ஆணைக்குழுவின் அறிக்கை வந்தபோது, நிர்வாகக் கட்டளையால் அடைக்கப்பட்டவர்கள் இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஆகக் குறைந்தது 60,000 பேர், விடுதிகள் 648 என்று கணக்குச் சொன்னது. லோஸ்லி 1939ல் எழுதியதை எண்பது வருடம் கழித்து அரசு இலக்கத்தில் ஒப்புக்கொண்டது.

பணத்தைவிட அந்தச் சட்டத்தில் எமக்கு முக்கியமாகப் படுவது வேறொரு பிரிவு. தன்னைப் பற்றி எழுதப்பட்ட கோப்பை இலகுவாகவும் இலவசமாகவும் பார்க்கும் உரிமை. எழுபது வயதில் ஒருவர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தன் கோப்பைத் திறக்கிறார். தாய் தன்னைக் கைவிட்டாள் என்று வாழ்நாள் முழுக்க நம்பியிருந்தவர், தாய் எழுதிய கடிதங்கள் கொடுக்கப்படாமலே அந்தக் கோப்புக்குள் கிடப்பதைக் காண்கிறார். இப்படி நடந்திருக்கிறது, ஒருவருக்கு மட்டுமல்ல. இன்னும் பலர் போய்க் கேட்டபோது கோப்பே இல்லை. ஊர்ச்சபை அழித்துவிட்டது.

'என்' அட்டையோடு வருடக்கணக்கில் வாழ்ந்த எமக்குக் கோப்பு என்றால் என்னவென்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எமது வாழ்க்கையை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொல்ல, இன்னொருவர் தட்டச்சுச் செய்து, மூன்றாமவர் நம்பலாமா இல்லையா என்று தீர்ப்பெழுதிய கோப்பு எம்மிற் பலருக்கு இங்கே இருக்கிறது.

*

இந்தச் சரித்திரம் சுவிஸ்காரரின் சரித்திரம், எமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு இலக்கம்: 881.

1973க்கும் 1997க்கும் இடையில் இலங்கையிலிருந்து தத்தெடுப்புக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் தொகை அது. 2020ல் வெளிவந்த ஆராய்ச்சி அறிக்கை ஒன்று, இதில் நடந்த மோசடிகளை விபரிக்கிறது. போலிப் பிறப்புச் சான்றிதழ்கள். பெற்ற தாயின் இடத்தில் நடிக்க வந்த வேறு பெண்கள். பணம் வாங்கிய இடைத்தரகர்கள். எண்பதுகளின் தொடக்கத்திலேயே சுவிஸ் அதிகாரிகளுக்கு இது தெரிந்திருந்தது என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. அந்த ஆண்டு டிசெம்பரில் மத்திய அரசு வருத்தம் தெரிவித்தது. எண்பத்து மூன்றின் பின் எம்மவர்களின் அகதி விண்ணப்பங்கள் முடிவின்றிக் கிடந்த அதே ஆண்டுகளில், கட்டுநாயக்காவிலிருந்து குழந்தைகள் அனுமதியோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இன்று நாற்பது வயதைத் தாண்டிய அந்தப் பிள்ளைகள் சிலர் தாயைத் தேடி இலங்கை போகிறார்கள். கையிலிருக்கும் கடதாசி பொய். ஊர் பொய். தாயின் பெயர் பொய். ட்ராமில் எமக்கு முன்னால் இருந்து, எமது முகத்தைப் பார்த்துவிட்டு, பேர்ண் ஜேர்மனிற் பேசும் ஒருவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

எமது சொந்த ஊர்ச் சரித்திரத்திலும் இதன் வேர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். 1823ல் வட்டுக்கோட்டை செமினறி, மறுவருடம் உடுவில் பெண்கள் விடுதி. பிள்ளைகளுக்குச் செலவு கொடுத்த அமெரிக்க அன்பர்கள், தாம் செலவு கொடுக்கும் பிள்ளைக்குத் தமக்கு விருப்பமான பெயரை வைக்கலாம். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்களை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்த முற்பாதிகள் எங்கிருந்து வந்தன? தமிழுக்கும் கல்விக்கும் அந்த விடுதிகள் செய்த தொண்டை மறுப்பதற்கில்லை. ஆனாற் காசு கொடுத்தவரின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

விடுதிக்கு வெளியே இன்னொரு கூட்டம் இருந்தது. எழுபதுகளின் தோட்டப் பஞ்சகாலத்திலும் அதற்கு முன்பின்னும், மலையகத்திலிருந்து எட்டு, ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்து, கொழும்புத்துறை, வெள்ளவத்தை வீடுகளுக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள். அவர்களைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டார்கள், 'தோட்டக்காட்டுப் பெட்டை' என்றும் கூப்பிட்டார்கள். குசினி மூலையில் சாப்பாடு, விறாந்தையிற் பாய். எம்மன்டால் பண்ணையின் மாட்டுக்கொட்டிலுக்கும் அந்தக் குசினிக்கும் தூரம் அதிகமில்லை. 2021 யூலையில், டயகமவிலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்குப் போன பதினாறு வயதுச் சிறுமி எரிகாயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அதன் பிறகே பலருக்கு இந்தச் சரித்திரம் ஞாபகம் வந்தது. மூம்லிஸ்வில் போல ஒரு வீட்டை இந்தப் பிள்ளைகளுக்காக எமது மண்ணில் யார் திறப்பார்கள்?

*

இப்போது எமது கைகளுக்கு வருவோம். போரும், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும், மறுபடி போரும் வடக்குக் கிழக்கில் எத்தனையோ பிள்ளைகள் இல்லங்களைத் தோற்றுவித்தன. அவற்றிற் பலவற்றுக்கு அடுப்பெரிவது எமது பணத்தில். பூம்ப்ளிஸில் துப்புரவு வேலை செய்து, ரெஸ்ரோரண்ட் குசினியிற் பாத்திரம் கழுவிச் சேர்த்த பிராங்குகள் அவை. யாரும் அதைக் குறைத்துப் பேசமுடியாது. மகளின் பிறந்தநாளுக்கு, அப்பாவின் திவசத்துக்கு, ஒருநேரச் சாப்பாடு. அன்று பின்னேரமே படம் வந்துவிடும். மேசையில் கேக், கேக்கில் இங்குள்ள பிள்ளையின் பெயர், பின்னால் நாற்பது பிள்ளைகள் வரிசையாக நின்று கை தட்டுகிறார்கள். நாற்பது பேரில் ஒருவரின் பெயரும் எமக்குத் தெரியாது. கறோலும் நெவின்ஸும் பெயருக்கு முன்னால் வந்தார்கள். நாம் கேக்கின் மேல் வந்திருக்கிறோம்.

அந்த நாற்பது பேரும் நாளை நாற்பது வயதாவார்கள். அவர்களிற் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார், சுவிஸின் ஒப்பந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது போலவே. தான் ஏன் இல்லத்துக்கு அனுப்பப்பட்டேன், யார் கையெழுத்து வைத்தார், அம்மா பார்க்க வந்தாரா, வந்து திருப்பி அனுப்பப்பட்டாரா என்ற கேள்விகளோடு அவர்கள் ஒருநாள் ஒரு வாசலுக்கு வருவார்கள். அப்போது அங்கு எமது பெயரெழுதிய கேக்கின் படங்கள் இருக்கும். அவர்களின் கோப்பு இருக்குமா?

இலங்கையில் 1941ம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இல்லங்களைப் பதிவுசெய்து மேற்பார்க்க நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களங்கள் மாகாணங்களில் இருக்கின்றன. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. பேர்ண் மாநிலத்திலும் காகிதத்தில் எல்லாம் இருந்தது. மேற்பார்க்க வந்தவர் கோப்பி குடித்துவிட்டுப் போனதுதான் கதை. ஆகவே பணம் அனுப்பும் நாம் சில கேள்விகளைக் கேட்கலாம். இல்லம் பதிவுசெய்யப்பட்டதா? ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழும் உறவினர் விபரமும் அடங்கிய கோப்பு பேணப்படுகிறதா? உறவினர் வந்துபோகும் நாட்கள் உண்டா? பதினெட்டு வயதில் வெளியேறும்போது அந்தக் கோப்பின் பிரதி பிள்ளையின் கையிற் கொடுக்கப்படுகிறதா? தாயிடம் திருப்பி அனுப்ப மாதம் எவ்வளவு தேவை என்று இல்லம் எப்போதாவது கணக்குப் பார்த்ததுண்டா? படம் அனுப்பத் தேவையில்லை என்று நாமாகவே சொல்லிவிடலாம். அந்தப் படமெடுக்கும் நேரத்தில் ஒரு பிள்ளை சொல்வதை யாராவது எழுதிவைக்கட்டும், பிள்ளைக்காக.

லோஸ்லி இதைத்தான் நூறு வருடத்துக்கு முன் பூம்ப்ளிஸிலிருந்து எழுதினார்: உள்ளே இருந்தவன் பேசட்டும். மூம்லிஸ்விலுக்குப் போவது கடினமல்ல. பேர்ணிலிருந்து ரெயினில் ஓன்சிங்கன், அங்கிருந்து பால்ஸ்தால், பிறகு மலைப்பக்கம் ஏறும் பஸ். சிறிய இடமாகையால் திறந்திருக்கும் நாளை முதலிற் கேட்டுக்கொண்டு போவது நல்லது. எமது சங்கங்கள் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருவிக்கும் சொக்லேட் தொழிற்சாலைக்கும் போகின்றன. ஒருமுறை இங்கும் கூட்டிப்போகட்டும். இங்கு பிறந்த எமது பிள்ளைகள் தாம் படிக்கும் நாட்டின் இந்தப் பக்கத்தையும் அறியட்டும். திரும்பி வரும் வழியில், ஊரில் நாங்கள் காசு அனுப்பும் இல்லத்தில் இருப்பவர்களின் பெயர் என்னவென்று அவர்கள் கேட்டால், சொல்வதற்கு ஒரு பெயராவது எம்மிடம் இருக்கவேண்டும்.